உதவி நாயோடு பஸ், ஓட்டல், ஆஸ்பத்திரி: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

“நாயை வெளியில் கட்டிவிட்டு உள்ளே வாங்க.”

இந்த ஒரு வரியை நான்கு வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்போம் என்று கணக்கு இல்லை. என் தங்கைக்குக் கண் தெரியாது. அவளை அந்த வாசல்வரை கொண்டுவந்து சேர்த்ததே கருப்பிதான். கருப்பி ஒரு கறுப்பு லேப்ரடார். நான் தர்மபுரியில் இருக்கிறேன், தங்கை கிருஷ்ணகிரியில் வாழ்க்கைப்பட்டவள். பெங்களூரிலிருந்து மாதம் இரண்டு முறை ஒரு பயிற்சியாளர் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார், மற்ற நாட்களில் நாயை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைந்தது நான். பார்வையற்றவரின் வழிகாட்டி நாய், காது கேளாதவருக்குச் சத்தம் சொல்லும் நாய், வலிப்பு வருபவருக்குத் துணை நிற்கும் நாய் என எதற்காகப் பயிற்சி கொடுத்தாலும், நம் இரண்டு மாவட்டத்திலும் நீங்கள் ஏறி இறங்க வேண்டிய படிகள் ஏறக்குறைய இவைதான். நாங்கள் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

1. உரிமை யாருக்கு என்று முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள்

உதவி நாய் என்று தேடினால் இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கச் சட்டம். அங்கே கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: குறைபாட்டுக்காகத்தான் இந்த நாய் தேவைப்படுகிறதா, அது என்ன வேலை செய்யப் பழகியிருக்கிறது. காகிதம் கேட்கக்கூடாது. அதைப் படித்துவிட்டு இங்கே வந்து “நீங்கள் என்னிடம் சான்று கேட்கவே கூடாது” என்று வாதாடினால் எடுபடாது. நான் வாதாடிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

நமக்கு இருப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. உதவி நாய் என்று பெயர் சொல்லி அதில் ஒரு பிரிவும் இல்லை. ஆனால் மூன்று விஷயம் இருக்கிறது. பிரிவு 3 மாற்றுத்திறனாளியிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அவருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதும் பாகுபாடுதான் என்று பிரிவு 2 விளக்கம் கொடுக்கிறது. தனியார் நிறுவனங்களையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. இதோடு, இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 20ஆம் உறுப்பு, நடமாட்டத்துக்கான கருவிகளோடு உயிருள்ள துணையையும் சேர்த்துச் சொல்கிறது. 2016 சட்டமே அந்த உடன்படிக்கையைச் செயல்படுத்த வந்ததுதான்.

ஆக, உரிமை என் தங்கைக்கு. கருப்பிக்கு ஒன்றும் கிடையாது. “என் நாயை உள்ளே விடுங்கள்” என்று நான் கேட்ட இடங்களில் கதவு சாத்தப்பட்டது. “நான் பார்வையற்றவள், நடப்பதற்கு இந்தத் துணை வேண்டும், இந்த ஏற்பாட்டைச் செய்து தாருங்கள்” என்று தங்கை கேட்ட இடங்களில் குறைந்தது யோசித்தார்கள்.

பயிற்சி கொடுக்கும் என்னைப் போன்றவருக்கு இன்னும் கஷ்டம். தங்கை கூட இல்லாமல், பயிற்சிக்காக நாயைக் கூட்டிக்கொண்டு நான் மட்டும் போனால் எனக்குத் தனியாக எந்த உரிமையும் இல்லை. முன்கூட்டியே அனுமதி வாங்கிப் போவது ஒன்றே வழி. இதை ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மனசுக்கு ஆறுதல் என்று வளர்க்கும் செல்ல நாய்க்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. அதை உதவி நாய் என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் அது பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துக் குரைத்தால், அடுத்த மாதம் அங்கே போகும் என் தங்கைக்குத்தான் கதவு அடைபடும்.

2. அடையாள அட்டை: இது இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்

தனித்துவ அடையாள அட்டை, அதாவது யூடிஐடி. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே பதியலாம், இ-சேவை மையத்திலும் செய்து கொடுப்பார்கள். ஆதார், சமீபத்தில் எடுத்த புகைப்படம், கையெழுத்து அல்லது கைநாட்டு, பழைய சான்று இருந்தால் அதுவும் வேண்டும். பதிந்தபின் மருத்துவக் குழு முன்னால் போக வேண்டும். நமக்கு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கண், காது, எலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி நாள் வைத்திருப்பார்கள். எந்த நாள் என்று கலெக்டர் ஆபீசில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் கேட்காமல் போய் ஒரு நாள் வீண்.

சான்றுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் புரோக்கர் என்று புரிந்துகொள்ளுங்கள். 2024 திருத்தத்துக்குப் பிறகு அட்டை மூன்று நிறத்தில் வருகிறது: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். சான்று கொடுக்க அதிகாரிகளுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. எங்களுக்குப் பதினோரு வாரம் ஆனது.

இங்கே எல்லோரும் விழும் பள்ளம் பெயர்தான். ஆதாரில் அப்பா பெயர் முதல் எழுத்து முன்னால், பள்ளிச் சான்றில் பின்னால், ரேஷன் கார்டில் எழுத்தே வேறு. அதைச் சரிசெய்துவிட்டுப் பதியுங்கள். பிறகு திருத்துவது பதிவதைவிடப் பெரிய வேலை.

40 சதவீதத்துக்குக் கீழே வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். நியாயமான ஏற்பாடு கேட்பதற்கு 40 சதவீதம் என்ற வரம்பைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உதவித்தொகை, இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் அந்த வரம்பு.

3. நாயின் காகிதங்கள்

தடுப்பூசி அட்டைதான் முதல் ஆயுதம். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்து, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி தடுப்பூசி, அப்புறம் வருடா வருடம். ஊசி மருந்தின் லேபிளை அட்டையில் ஒட்டி, மருத்துவர் கையெழுத்தும் பதிவு எண்ணோடு முத்திரையும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத அட்டையை வாசலில் நிற்பவர்கள் நம்புவதில்லை. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி அரசு கால்நடை ஆஸ்பத்திரிகளில் இலவசமாக ஊசி போடுவார்கள். நாங்கள் அந்தத் தேதியையே வருடக் கணக்காக வைத்துக்கொண்டோம், மறப்பதில்லை.

இரண்டாவது, உடல்நலச் சான்று. “இந்த நாய்க்குத் தொற்று நோய் இல்லை, தோல் நோய் இல்லை, ஆட்களோடு பழகக்கூடியது” என்று அரசு கால்நடை மருத்துவர் எழுதித் தரும் ஒரு பக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்குங்கள். மூன்றாவது, உள்ளாட்சியில் நாய் வளர்ப்பு உரிமம். ஓசூர் என்றால் மாநகராட்சி, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றால் நகராட்சி. கொடுத்தால் ரசீதோடு வாங்கி வையுங்கள். “இங்கே அதெல்லாம் கிடையாது” என்று பதில் வந்தால், விண்ணப்பத்தின் நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்கி வையுங்கள், அதுவே போதும்.

பணம் போகும் இடம் இதுதான்: உதவி நாய் அடையாள அட்டை, சான்றிதழ், சட்டை எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று இணையத்தில் விற்கிறார்கள். இந்தியாவில் சட்டப்படி அப்படியொரு பதிவேடு கிடையாது. நான் 2,800 ரூபாய் கட்டி வாங்கிய பளபளப்பான அட்டையை ஒரு வங்கி மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது யார் கொடுத்தது?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. கையால் எழுதிய கால்நடை மருத்துவர் சான்றைக் கொடுத்ததும் உள்ளே விட்டார்.

4. பயிற்சியைக் கணக்கில் வையுங்கள்

அரசுச் சான்று இல்லாத இடத்தில் உங்கள் பயிற்சி நோட்டுதான் சான்று. உதவி நாய் வைத்திருப்பவர்களின் சர்வதேச அமைப்பு ஒன்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது: ஆறு மாதத்துக்கு மேல் பரவலாக 120 மணி நேரம், அதில் 30 மணி நேரமாவது பொது இடங்களில். நான் ஒரு நீள நோட்டில் தேதி, இடம், எத்தனை நிமிடம், என்ன நடந்தது என்று எழுதிவந்தேன். “நான்கு ரோடு சிக்னல், 25 நிமிடம், லாரி ஹாரனுக்கு ஒருமுறை திரும்பியது, பிறகு திரும்பவில்லை” என்ற மாதிரி. எங்களுக்கு 30 மணி போதவில்லை, 70 தாண்டியது. சேலம் பக்கத்து மாம்பழ லாரியும் கல்யாண ஊர்வலத் தவிலும் வெளிநாட்டு அளவுகோலில் சேராதவை.

அனுமதி கேட்கத் தேவையில்லாத இடங்களில் தொடங்குங்கள். காலை ஆறு மணிக்குத் தெரு, பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, உழவர் சந்தையின் வாசல், பெட்ரோல் பங்க், பள்ளி விடும் நேரத்தில் சாலை ஓரம். கடைக்குள் போவது அதற்கெல்லாம் பிறகு.

நம் ஊரில் பெரிய பாடம் தெருநாய்கள்தான். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைச் சரியாகச் சொல்வதில்லை. கருப்பி நல்ல நாய், ஆனால் நான்கு நாய்கள் சுற்றிவளைத்துக் குரைத்தால் எந்த நாயும் வேலையை மறக்கும், பிடித்திருக்கும் ஆள் நடுரோட்டில் நிற்பார். தினமும் போகும் பாதையில் எந்த முனையில் எந்தக் கூட்டம் என்று நான் முதலில் தனியாக நடந்து பார்த்தேன். அங்கே டீக்கடைக்காரர் ஒருவரைச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள். தங்கை வருவது தெரிந்தால் அவரே “ஏய், போ!” என்று ஒரு குரல் கொடுப்பார். எங்களுக்கு அந்தக் குரல் எந்த உத்தரவையும்விட உதவியது.

வெயிலும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் பதினோரு மணிக்குமேல் தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. மத்தியான வேலைகளை ஆட்டோவில் முடியுங்கள்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால் பொறுப்பு உங்களுடையது. விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். எனவே பயிற்சிக் காலத்தில் பையில் வாய்க்கூடு ஒன்று எப்போதும் இருக்கட்டும். கருப்பிக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் “வாய்க்கூடு போட்டுக் காட்டவா?” என்று கேட்டதுமே பயந்த முகங்கள் இளகியதைப் பார்த்திருக்கிறேன்.

5. அனுமதிக் கடிதம்

இதைத்தான் நீங்கள் கவனமாகச் செய்ய வேண்டும். வாசலில் நின்று வாதாடுவதைவிட, பத்து நாள் முன்னால் ஒரு கடிதம் கொடுத்து வைப்பது பத்து மடங்கு பலன் தரும். வாசலில் இருப்பவர் காவலாளி. அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் உண்டு. கடிதம் அவருக்கு மேலே இருப்பவரிடம் போக வேண்டும்.

நாங்கள் ஏழெட்டுத் தடவை திருத்தியபின் நிலைத்த வடிவம் இது. எடுத்துக்கொள்ளுங்கள்:

“ஐயா, நான் 100 சதவீதம் பார்வைக் குறைபாடு உள்ளவள். என் அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன். பாதுகாப்பாக நடப்பதற்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டி நாயைத் துணையாகப் பயன்படுத்துகிறேன். அது படியிலும் பள்ளத்திலும் நின்று எனக்குத் தெரிவிக்கும், வழியில் உள்ள தடைகளைச் சுற்றி அழைத்துச் செல்லும். அமர்ந்தபின் என் காலடியில் படுத்திருக்கும். தடுப்பூசி அட்டையும் கால்நடை மருத்துவர் சான்றும் இணைத்துள்ளேன். அது ஏற்படுத்தும் எந்தச் சேதத்துக்கும் நானே பொறுப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 3இன்படி நியாயமான ஏற்பாடாக, தங்கள் வளாகத்துக்குள் இத்துணையுடன் வர அனுமதித்து, வாசல் பணியாளர்களுக்கும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மேலாளர் ‘சரி’ என்று சொல்லியிருப்பார், காவலாளிக்குத் தெரிந்திருக்காது. இரண்டு தடவை அப்படித் திரும்பி வந்திருக்கிறோம்.

பயிற்சிக்குப் போகும் கடிதத்தில் மட்டும் சட்டப் பிரிவைப் போடாமல் வேண்டுகோளாக எழுதுங்கள். எந்த நாள், எந்த நேரம், எத்தனை நிமிடம், கூட யார் என்று குறிப்பிடுங்கள். “செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு இருபது நிமிடம்” என்று கேட்டால் கொடுக்கிறார்கள். “அவ்வப்போது வருவோம்” என்றால் பயப்படுகிறார்கள்.

இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றையும் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, மேலே யூடிஐடி அட்டையின் லேமினேஷன் செய்த நகலை வையுங்கள். அசலை நாயோடு போகும் பையில் கொண்டுபோகாதீர்கள். மழையில் எங்களுடையது ஒன்று கரைந்து போனது.

6. இடம் இடமாக

பஸ்: அரசு சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஓர் உதவியாளருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. நாயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நடத்துநருக்கு நாயைப் பற்றி எந்தக் கட்டளையும் தெரியாது என்று எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். எங்கள் வழி: புறப்படும் இடத்தில், கூட்டம் ஏறுவதற்கு முன் ஏறி, பின்படிக்கட்டுக்கு அருகே இருக்கையில் உட்கார்ந்து, நாயைக் காலுக்கடியில் படுக்க வைப்பது. வழியில் கைகாட்டி ஏறாதீர்கள். ஒருமுறை ஒரு பேருந்திலிருந்து நடுவழியில், காரிமங்கலத்துக்கு முன்னால், இறங்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு போக்குவரத்துக் கழகக் கோட்ட மேலாளருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுக்கும் பழக்கம் வந்தது. ‘உதவி நாய் பற்றி உங்களிடம் சுற்றறிக்கை உண்டா?’ என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பதிலில் ‘தடை எதுவும் இல்லை’ என்று ஒரு வரி வந்தால் அதை ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள்.

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது. அது தெருநாய்க்கான உத்தரவு. ஆனால் அதற்குப் பிறகு எந்த நாயைப் பார்த்தாலும் விரட்டும் வேகம் கூடியிருக்கிறது. கழுத்துப்பட்டை, கைப்பிடி உள்ள ஹார்னஸ் (நாயின் மார்பில் மாட்டும் பட்டை), தெளிவாகத் தமிழில் ‘வழிகாட்டி நாய், பணியில் உள்ளது’ என்று எழுதிய துணி, இந்த மூன்றும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குள் கால் வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் எழுதிய சட்டை அழகாக இருக்கும், படிப்பவர் குறைவு. ஓசூர் பக்கம் என்றால் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

ஓட்டல்: உணவு தயாரிக்கும் வளாகத்துக்குள் விலங்குகளை விடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகளில் இருப்பதைக் காட்டுவார்கள். வாதாடாதீர்கள். “சமையலறைப் பக்கம் வரமாட்டோம், சுவரோரம் ஒரு மேசை போதும், பதினைந்து நிமிடம்” என்று கேளுங்கள். கூட்ட நேரத்தில் போகாதீர்கள், நான்கு மணி டிபன் நேரம் நல்லது. நாய்க்கு அங்கே ஒரு வாய் கூடக் கொடுக்காதீர்கள், மற்றவர் கொடுத்தாலும் தடுங்கள். ஒருமுறை ஒரு சிறுவன் வடையை நீட்டினான். கருப்பி தலையைத் திருப்பிக்கொண்டாள். கல்லாவில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கடையில் எங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரி: புறநோயாளிப் பகுதி, மருந்து வாங்கும் இடம் வரைதான் கேளுங்கள். அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோக முடியாது, அது நியாயமும்கூட. கடிதம் நிலைய மருத்துவ அலுவலருக்கு. ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்பிலேயே எங்களைத் திருப்பி அனுப்பியபோது, ‘எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டேன். எழுதித் தர மறுத்துவிட்டு, பத்து நிமிடத்தில் தனி அறையில் உட்கார வைத்தார்கள்.

ரயில்: நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு அல்லது நான்கு படுக்கை உள்ள முழு அறையையும் உங்கள் பெயரில் எடுக்க வேண்டும். அதோடு நாய்க்குப் பார்சல் ஆபீசில் தனிக் கட்டணம். ஸ்லீப்பர், மூன்றடுக்கு, இரண்டடுக்கு ஏசி, நாற்காலிப் பெட்டி எதிலும் கிடையாது. இல்லாவிட்டால் ரயில் மேலாளர் (பழைய பெயர் கார்டு) பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. வேலை செய்யும் நாயைக் கூண்டில் போட்டுவிட்டு, பார்வையற்றவரைத் தனியாக வேறு பெட்டியில் ஏற்றுவதில் என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. பார்வையற்றவருக்கும் துணைக்கு வருபவருக்கும் முதல் வகுப்பு ஏசியில் 50 சதவீதச் சலுகை உண்டு என்பது கொஞ்சம் ஆறுதல். தர்மபுரி, ஓசூர் நிலையங்கள் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டம், மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். மனுவை மாற்றி அனுப்பினால் ஒரு மாதம் போய்விடும். கிருஷ்ணகிரி ஊருக்குள் ரயிலே இல்லை என்பதால் அங்கே இந்தக் கவலையும் இல்லை.

விமானம்: பெங்களூரிலிருந்து போவதானால் டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன். பயிற்சிச் சான்று, தடுப்பூசி அட்டை இரண்டையும் மின்னஞ்சலில் கேட்பார்கள். பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள், போனில் சொன்னது வாசலில் செல்லாது.

வாடகை வீடு: “நாய் இருந்தால் வீடு இல்லை” என்பார்கள். அடுக்குமாடி என்றால், செல்லப்பிராணி வைக்கக்கூடாது என்று சங்கம் தடை போட முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனி வீட்டு உரிமையாளரிடம் அதைக் காட்டிப் பயனில்லை, நாயைக் காட்டுவதுதான் பலன்.

கோயில்: அதியமான்கோட்டை காலபைரவரைக் கும்பிடும் ஊர் நம்முடையது, பைரவருக்கு வாகனமே நாய்தான். ஆனாலும் இந்த வாதத்தை எந்தக் கோயில் வாசலிலும் எடுக்காதீர்கள். ஒருவர் வெளியே மரத்தடியில் நாயோடு நிற்கட்டும், இன்னொருவர் கைப்பிடித்து அழைத்துப் போகட்டும்.

7. மறுத்தால் என்ன செய்வது

அங்கேயே கத்தாதீர்கள். யார், எந்தப் பொறுப்பு, எத்தனை மணி, என்ன வார்த்தை என்று செல்போனில் உடனே பதிந்துகொள்ளுங்கள். கேமரா இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே மேலாளருக்கு ஒரு கடிதம். பாதிப் பிரச்சினை இங்கேயே முடியும்.

முடியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு. மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்பச் சொல்லி எழுதுங்கள், கணினியில் போட்டுத் தரும் மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள். சும்மா “நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதினால் அது சும்மாவே கிடக்கும். “இன்ன நிறுவனத்தை அழைத்து விசாரித்து, எனக்கு எழுத்தில் அனுமதி வழங்கச் செய்யவும்” என்று எழுதுங்கள்.

அடுத்தது சென்னையில் இருக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். தபாலிலேயே அனுப்பலாம், கட்டணம் இல்லை. விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் பிரிவு 89இன்படி முதல் தடவைக்கு 10,000 ரூபாய்வரை அபராதம், அதற்குப் பிறகு 50,000இலிருந்து ஐந்து லட்சம்வரை.

காசு வாங்கிக்கொண்டு சேவை மறுத்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. ஐந்து லட்சம்வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள். இது பலருக்குத் தெரியவில்லை.

நாலு பேர் முன்னால் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் அது 2016 சட்டத்தின் பிரிவு 92, ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம்வரை சிறை. அதைச் சின்னச் சின்ன மறுப்புக்கெல்லாம் எடுத்து வீசாதீர்கள். கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகே ஒருவர் தங்கையைப் பார்த்து, “குருடிக்கு நாய் ஒரு கேடா?” என்றார். அப்போதுதான் நாங்கள் காவல் நிலையத்துக்குப் போனோம். அவர் வந்து மன்னிப்புக் கேட்டார், தங்கை புகாரைத் திரும்பப் பெற்றாள். நான் பெற்றிருக்க மாட்டேன்.

8. செலவும் காலமும்

எங்கள் கணக்கு மட்டும் சொல்கிறேன். குட்டி 14,000 ரூபாய். முதல் வருடத் தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் சேர்த்து 6,500. ஹார்னஸ் 3,800, அதற்கு முன் வாங்கிய மலிவான ஒன்று மூன்றே மாதத்தில் கைப்பிடி கழன்றது. சாப்பாடு மாதம் நாலாயிரத்தைத் தொடும், கொஞ்சம் ராகிக் களியும் முட்டையும் சேர்த்ததால்தான் அந்த அளவில் நின்றது. பயிற்சியாளர் ஒரு வருகைக்கு 2,500, மொத்தம் 22 வருகை. தபால், ஜெராக்ஸ், பஸ் செலவு ஏழாயிரத்துக்குள். அந்த 2,800 ரூபாய் போலி அட்டையைக் கணக்கில் சேர்க்கவில்லை, வயிறு எரிகிறது.

காலம் என்றால், குட்டி வந்த நாளிலிருந்து தங்கை தனியாக நாயோடு வேலைக்குப் போன நாள்வரை இருபத்திரண்டு மாதம். முதல் ஒரு வருடம் பழக்குவது, அடுத்த ஏழு மாதம் வேலைப் பயிற்சி, கடைசி மூன்று மாதம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வது. கடைசிப் பகுதியைச் சுருக்காதீர்கள். என் சொல்லுக்கு நின்ற நாய் தங்கை சொல்லுக்கு நிற்க ஆறு வாரம் எடுத்தது.

குட்டி வாங்கும் அன்றே யூடிஐடிக்குப் பதிந்துவிடுங்கள். கடிதங்களை ஒரு வயது முடிந்ததும் கொடுக்க ஆரம்பியுங்கள், அப்போதுதான் நாய் தயாராகும்போது பதிலும் வந்திருக்கும். வழிகாட்டி நாய் பொதுவாக எட்டு, பத்து வயதுவரைதான் வேலை செய்யும். கருப்பிக்கு ஆறு ஆகும்போது அடுத்த குட்டியைக் கொண்டுவரலாம் என்று இருக்கிறோம். தங்கை இப்போதே பெயர் வைத்துவிட்டாள், எங்களிடம் சொல்லவில்லை.